மேல போட்டுக்கிற மெத்தை

எங்கள் வீட்டில் யாராவது "பெட்ஷீட் எடுத்துக் குடு" என்றால் போத்திக்கொள்ளத் துணி கேட்கிறார்கள் என்று அர்த்தம். கீழே விரிப்பது பெட் கவர், இல்லையென்றால் வெறும் விரிப்பு. இங்கிலீஷ்காரர்களுக்கு இது நேர் தலைகீழ் என்பது எனக்குத் தெரியவந்தது 57 வயதில், மகள் பிரசவத்துக்காக லீட்ஸ் போயிருந்தபோது. போய் இறங்கின ராத்திரி, "பெட்ஷீட் எங்கடி?" என்றேன். "அதான் விரிச்சிருக்கேனேம்மா" என்று மெத்தையைக் காட்டினாள். "போத்திக்க?" கட்டில்மேல் ஒரு வெள்ளைக் குன்று உட்கார்ந்திருந்தது. கண்ணால் அதைக் காட்டினாள். யாரோ விருந்தாளிக்காக எடுத்து வைத்த இன்னொரு மெத்தை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதுதான் டூவே. பிரெஞ்சுச் சொல், பறவையின் நெஞ்சில், இறகுக்கு அடியில் இருக்கிற மென்தூவிக்குப் பெயர். உள்ளே வாத்துத் தூவியோ பாலியெஸ்டர் பஞ்சோ அடைத்த வெள்ளைத் திண்டு. அதற்குத் தலையணைக்குப் போல ஓர் உறை. மேலே தனியாகத் துணி கிடையாது, கம்பளி கிடையாது, அது ஒன்றுதான். நம் கடைகளில் கம்ஃபர்ட்டர் என்று விற்பது இதன் ஒன்றுவிட்ட தங்கை. அதற்கு உறை வேண்டாம், பூப்போட்ட துணியோடேயே தைத்து வரும்.

ஜனவரி மாதம். சாயங்காலம் நாலரைக்கெல்லாம் இருட்டு. ராத்திரி பத்தரைக்கு ஹீட்டர் தானாக நின்றுவிடும். அது மாப்பிள்ளை வைத்த கணக்கு. அந்தக் குன்றுக்குள் நுழைந்த முதல் ஐந்து நிமிஷம் துணி சில்லென்று இருந்தது. அப்புறம் அது என்னுடைய சூட்டையே வாங்கி எனக்கே திருப்பித் தர ஆரம்பித்தது. கனமே இல்லை. நம்ம ஊர் கம்பளியைப் போத்தினால் யாரோ மேலே உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும் இல்லையா, இதில் ஒன்றுமே தெரியவில்லை. மூன்று மாதம் அப்படித் தூங்கினேன். மறைப்பானேன், அந்தத் தூக்கம் எனக்கு இங்கே வாய்த்ததே இல்லை.

எங்கள் தெரு நர்ஸ் சிஸ்டரம்மாவிடம் பிற்பாடு இதைச் சொன்னபோது, அந்தக் காலத்து இங்கிலீஷ்காரர்களும் இப்படிப் படுத்தவர்கள் இல்லை என்றார். கீழே ஒரு ஷீட், மேலே ஒரு ஷீட், அதற்குமேல் கம்பளி இரண்டோ மூன்றோ, பணக்காரர் வீடென்றால் அதற்கும் மேலே ஒரு தூவி மெத்தை. அவர் பயிற்சி எடுத்த காலத்தில் கட்டில் போடக் கற்றுக்கொடுத்தது அந்தக் கணக்கில்தானாம். 1964ல் டெரன்ஸ் கான்ரன் என்பவர் லண்டனில் ஹேபிடட் என்று ஒரு கடை திறந்தார். ஸ்வீடனில் பார்த்த டூவேயைக் கொண்டுவந்து, 'பத்து செகண்டில் கட்டில் ரெடி' என்று சொல்லி விற்றார். ஒரே உதறு, முடிந்தது வேலை. வேலைக்குப் போகிற பெண்கள் பெருகிய காலம். விற்காமல் என்ன செய்யும்?

அந்தப் பத்து செகண்டில் உறை மாற்றுகிற நேரம் சேர்த்தி இல்லை. முதல் தடவை நான் உறைக்குள் தலையை விட்டு, டூவேயின் நுனியைத் தேடிக்கொண்டு, பாதி ஆளாக உள்ளேயே நின்றேன். மகள் சிரித்த சிரிப்பில் கைக்குழந்தை எழுந்துவிட்டது. பிறகு அவளே வழி காட்டினாள். உறையை உள்வெளியாகத் திருப்ப வேண்டும். இரண்டு கையையும் உள்ளே விட்டு, மூடின பக்கத்து மூலை இரண்டையும் விரலில் பிடித்துக்கொள்ள வேண்டும். துணியோடு சேர்த்து டூவேயின் இரண்டு மூலையைக் கவ்விப் பிடித்து, தலைக்கு மேலே தூக்கி ஓர் உதறு. உறை தானாக வழிந்து இறங்கும். கேழ்வரகுக் கோணியை உள்வெளியாக்கி உதறினவர்களுக்கு இது ஒரு நாள் பாடம்தான். ஆனாலும் தோள்வலி இருக்கிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்ததும் எனக்கு அந்தக் கனமில்லாத சூட்டின்மேல் ஏக்கம். சத்துவாச்சாரியில் எங்கள் படுக்கையறைக்கு ஏசி உண்டு. ஏசி இருந்தால் வேலூர் என்ன, லீட்ஸ் என்ன என்று ஒரு குருட்டுக் கணக்குப் போட்டேன். ஆன்லைனில் 2,799 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். எல்லாப் பருவத்துக்கும் ஏற்றது என்று பையில் அச்சடித்திருந்தது. எந்த ஊரின் எல்லாப் பருவம் என்று போடவில்லை.

பெட்டியைப் பிரித்ததும் அது மூச்சு விட்டு உப்பியது. என் மாமியாருக்கு 83 வயது. கோரைப்பாயைத் தவிர வேறெதிலும் முதுகு சாய்க்காதவர். அந்தப் பாயும் வந்தவாசிப் பாயாக இருக்க வேண்டும். வந்து, தொட்டு, அழுத்திப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, மெத்தையா?"

"இல்லத்தை, போத்திக்கிறது."

"மெத்தைய மேல போட்டுக்கினு கீழ இன்னாத்தப் போடுவ?"

உள்ளே என்ன என்று கேட்டார். இது பாலியெஸ்டர், உசத்தியானதில் வாத்துத் தூவி இருக்கும் என்றேன். "வாத்தா!" என்று ஒரு தினுசாகப் பார்த்தார். அவர் பிறந்தது ஆரணிப் பக்கம். அறுப்பு முடிந்த கழனியில் வாத்துக் கூட்டம் மேய்கிறதைப் பார்த்து வளர்ந்தவர். முட்டைக்கும் கறிக்கும் வாத்து. அதன் நெஞ்சு மயிரைப் போத்திக்கொண்டு படுப்பது அவருக்கு ஆகாத காரியம். தூரத்து ஐஸ்லாந்தில் ஈடர் என்று ஒரு கடல்வாத்து, தன் நெஞ்சுத் தூவியைப் பிய்த்துக் கூட்டுக்கு மெத்தை போடும், அதைச் சேகரித்துத்தான் உலகத்திலேயே விலை கூடின டூவே செய்கிறார்கள் என்று சொன்னேன். "குஞ்சுக்குப் போட்டத எடுத்துக்கினு வந்துட்டானா பாவி" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

இப்போது அந்த ராத்திரிக்கு வருகிறேன். மே மாதம், கத்திரி. வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். 1981ல் கோட்டைக் கோயிலுக்கு ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்துவிட்டார். 2021 நவம்பரில் பாலாறு கரை கொள்ளாமல் ஓடியது. மலை மட்டும் பெரிதாக மாறவில்லை. பகல் முழுக்கக் குடித்த வெயிலைப் பாறையும் கான்கிரீட்டும் ராத்திரி பூராக் கக்கும். அன்றைக்கு ஏசியை 20ல் வைத்து, டூவேயை இழுத்துப் போத்தி, ராணி மாதிரி படுத்தேன். ஏசியின் குளிரை விரட்ட டூவே, டூவேயின் சூட்டை விரட்ட ஏசி. கரண்ட் பில்லை நினைத்தால் இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று பகலில் தோன்றும். படுத்தபிறகு தோன்றாது. 2020 ஜனவரியிலிருந்து நட்சத்திரக் குறியோடு விற்கிற ஏசி எல்லாம் போட்டவுடன் 24 டிகிரியில் நிற்க வேண்டும் என்பது அரசு விதி. அதை நாம்தான் ரிமோட்டை எடுத்துக் குறைக்கிறோம்.

ராத்திரி ரெண்டு மணிக்கு கரண்ட் போனது.

அடுத்த பத்து நிமிஷத்தில் நான் அறிந்துகொண்டது இதுதான்: டூவேக்கு இரண்டே நிலை. உள்ளே இருக்கலாம், அல்லது வெளியே இருக்கலாம். நடுவில் ஒன்றும் இல்லை. ஒரு காலை வெளியே நீட்டினேன். அந்தக் கால் மட்டும் வேலூரில் இருந்தது, மற்றதெல்லாம் அடுப்பில் இருந்தது. உதறித் தள்ளினேன். அது முழுசாகப் போய் வீட்டுக்காரர்மேல் விழுந்தது. "ஏய், இன்னா பண்ற?" என்று எழுந்தார். போர்வை என்றால் நாலாக மடித்துத் தலைமாட்டில் தள்ளிவிடலாம், வயிற்றுக்கு மட்டும் போட்டுக்கொள்ளலாம், கொசுவுக்குக் காலை மட்டும் மூடிக்கொள்ளலாம். டூவேயை எங்கே வைப்பது? கட்டிலில் மூன்றாவது ஆளாகக் கிடந்தது. பாலியெஸ்டர் வேறு, வியர்வையை உறிஞ்சாது, பிசுபிசுத்தது. கடைசியில் மூவரும் கோரைப்பாயைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனோம். அத்தை படியேறும்போது ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலே தேவலாம்.

விடிந்ததும் மகளுக்கு வீடியோ கால் போட்டேன். "அம்மா, அது எத்தனை டாக்?" என்றாள். ஒரு போர்வை எவ்வளவு சூட்டைப் பிடித்து வைக்கும் என்பதற்கு அங்கே ஓர் அளவு இருக்கிறது. மான்செஸ்டரில் ஷெர்லி இன்ஸ்டிட்யூட் என்றிருந்த ஜவுளி ஆராய்ச்சி நிலையத்தில் 1940களில் வகுத்தது. கொச்சை இங்கிலீஷில் துணிமணிக்கு டாக்ஸ் என்று பேர், அதிலிருந்து டாக். கோடை டூவே 4.5 டாக், குளிருக்கு 10.5 அல்லது 13.5. நான் லீட்ஸில் மூன்று மாதம் போத்திக்கொண்டது 13.5. நம் பக்கத்து மெல்லிய பருத்தி விரிப்பு சுமார் 0.2 டாக் வரும், ஒரு கம்பளி ஒன்றரையிலிருந்து இரண்டு. அதாவது அங்கே குறைந்தது ஏழு கம்பளியை ஒன்றாகப் போத்திக்கொண்டு, கனம் தெரியாமல் தூங்கியிருக்கிறேன். வேலூரில் நான் வாங்கினதன் பையில் டாக் எண்ணே இல்லை. ஜிஎஸ்எம் என்று ஏதோ போட்டிருந்தது. அது எடைக்கணக்கு, சூட்டுக்கணக்கு இல்லை.

சூட்டைப் பிடித்து வைப்பது பஞ்சு இல்லை, பஞ்சுக்கு நடுவில் அசையாமல் நிற்கிற காற்று. இலவம்பஞ்சு அடிக்க ஆள் வருகிற நாளில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறோம். பழைய தலையணையைப் பிரித்துக் கொட்டினால் கட்டி கட்டியாக ஒரு கூடை அளவு இருக்கும். அவர் வில்லை மாட்டி, டொய்ங் டொய்ங் என்று நாணைத் தட்டத் தட்ட, அதே பஞ்சு மொட்டை மாடி முழுக்க எழும்பி நிற்கும். மூக்கில், தலைமுடியில், காயப்போட்ட வற்றலில் எல்லாம் பஞ்சு. எடை ஒரு குந்துமணி கூடியிருக்காது, உள்ளே காற்று கூடியிருக்கும். அவ்வளவுதான் டூவேயின் ரகசியமும். அதனால்தான் ரெண்டாக மடிந்து அழுந்திக் கட்டி தட்டிப்போன டூவே வெறும் கனமான துணி.

கட்டி தட்டியது எப்படி என்று சொல்லவேண்டுமே. எங்கள் வாஷிங் மெஷின் 7 கிலோ. காய்ந்த டூவே ரெண்டரை கிலோகூட இருக்காது. ஆனால் டிரம்மை அடைத்துக்கொண்டு புரள இடம் இல்லாமல் நின்றது. லாண்டரியில் போட்டேன். ஐப்பசி மழை. நாலு நாள் கழித்து வந்ததில் பஞ்செல்லாம் ஒரு மூலைக்கு ஓடி, மற்ற பக்கம் வெறும் துணியாகத் தொங்கியது. அடியில் ஈர வாசனை. நியாயமாக, உறையை வாரம் ஒருமுறை துவைத்தால் போதும், உள்ளே இருப்பதை வருஷத்துக்கு ஒரு தடவை தொட்டால் போதும் என்பதுதான் இதன் கணக்கு. நான் வியர்த்த வியர்வைக்கு அந்தக் கணக்கு எடுபடவில்லை. போர்வையில் இந்தப் பேச்சே இல்லை. காலையில் துவைத்துக் கொடியில் போட்டால் பத்து மணிக்கு மொடமொடவென்று கையில் வந்துவிடும். எங்கள் ஊர் வெயிலுக்கு அந்த ஒரு நல்ல குணம் உண்டு.

காட்பாடியில் ரயில் ஏறி ஏசிப் பெட்டியில் போகிறவர்களுக்கு ஒரு விஷயம் பழக்கமாகியிருக்கும். ரெண்டு வெள்ளைத் துணி, ஒரு கம்பளி. ஒன்று விரிக்க, இன்னொன்று எதற்கு என்று பலருக்குக் குழப்பம். கம்பளியை மாதத்துக்கு ஒரு முறையாவது துவைக்கிறோம், கம்பளிக்கு உறையாக வைத்துக்கொள்ளத்தான் கூடுதல் விரிப்பு என்று 2024 நவம்பரில் ரயில்வே அமைச்சர் மக்களவையில் பதில் சொன்னார். அந்தத் துணியைத் தைத்து மூடினால் அதுவும் டூவே உறைதானே. தைக்காமல் விட்டதால் ஜோலார்பேட்டைக்குள் அது ஒரு பக்கம், கம்பளி ஒரு பக்கம்.

தைத்த உறை என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் வீட்டு ஆண்கள் யாருக்கும் போர்வையே தேவைப்பட்டதில்லை. மூட்டின குடியாத்தம் கைலி. படுத்தபின் இடுப்பு முடிச்சைத் தளர்த்தி, காலை மடக்கி, அதையே தலைவரை இழுத்துக்கொண்டால் ஆள் உள்ளே, உலகம் வெளியே. என் அப்பா கோடையில் மாடியில் அப்படித்தான் படுப்பார், கட்டி வைத்த மூட்டை மாதிரி. உலகத்திலேயே சின்ன டூவே உறை அதுதான் என்று மகளிடம் சொன்னேன். 'பஞ்சு மட்டும் தாத்தாவே' என்றாள்.

இன்னொன்று. ஒரே கட்டிலில் புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேருக்கும் தனித்தனி டூவே என்பது ஸ்காண்டிநேவியா வழக்கமாம். இப்போது அதை ஏதோ தாம்பத்தியக் கண்டுபிடிப்பு மாதிரி பேசுகிறார்கள். நம் வீட்டில் என்றைக்கு ஒரே போர்வைக்குள் ரெண்டு பேர் படுத்தார்கள்? குழந்தையைச் சேர்த்துப் போத்திக்கொள்வதோடு சரி. ஆளுக்கொரு போர்வை, அதிலும் இது என்னுது, அது உன்னுது என்று வாசனை வைத்தே கண்டுபிடிப்போம்.

சிஸ்டரம்மா இந்த விவகாரம் முழுவதையும் கேட்டுவிட்டு, என் கட்டிலை ஒரு தடவை போட்டுக் காட்டினார். வார்டில் நாற்பது வருஷம் கட்டில் போட்ட கை. துணியை விரித்து, கால்மாட்டைச் செருகினார். பக்கத்தில் தொங்குகிற ஓரத்தை, மூலையிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துத் தூக்கி, முக்கோணமாக மெத்தைமேல் சாய்த்தார். கீழே தொங்கின துண்டை உள்ளே தள்ளினார். முக்கோணத்தை இறக்கி அதையும் தள்ளினார். மூலை கடிதாசு மடித்த மாதிரி நின்றது. ஒரு ரூபாய்க் காசைப் போட்டால் துள்ளும் போலிருந்தது. "பேஷண்ட்டுக்கு ஜுரம் ஏறும், இறங்கும். ஒண்ணு எடுப்போம், ஒண்ணு போடுவோம். ஒரே மொத்தையா இருந்தா என்னத்த எடுக்கிறது?" என்றார். நான் கத்திரி ராத்திரியில் கற்றதை அவர் இருபது வயதில் கற்றிருக்கிறார்.

எங்கள் மாடி போர்ஷனில் வைத்தியத்துக்கு வருகிறவர்கள் தங்குவார்கள். காந்தி ரோடு பக்கம் லாட்ஜுகளில் கேட்கிற வங்காளி எங்கள் படிக்கட்டிலும் கேட்கும். போன மார்கழியில் மேற்கு வங்காளத்து மால்டாவிலிருந்து ஒரு அம்மா, கணவருக்குத் துணையாக. பகல் முழுக்க ஆஸ்பத்திரி வரிசை, சாயங்காலம் மாடியில் வந்து உட்காருவார். என் டூவே கொடியில் தொங்குவதைப் பார்த்து "லேப்?" என்றார். அவர்கள் ஊரில் பருத்திப் பஞ்சு அடைத்த ரஜாய்க்கு லேப் என்று பேர். மேல்விஷாரத்தில் என் சிநேகிதி வீட்டு ரஜாய் மாதிரி. பிறகு உள்ளே போய்த் தன்னுடையதை எடுத்து வந்தார். நாலைந்து பழைய பருத்திப் புடவையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நுனி முதல் நுனி வரை ஓட்டுத்தையல். அலை அலையாகச் சுருங்கி, கன்னம் மாதிரி மெத்தென்று இருந்தது. "காந்த்தா" என்றார், மூக்கால்.

எனக்குச் சட்டென்று நம்ம 'கந்தை' ஞாபகம் வந்தது. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்கிறோமே, அந்தக் கந்தை. ரெண்டுக்கும் மூலம் ஒரே வடசொல். அவர்கள் அதைத் தைத்துக் குளிருக்கு வைத்துக்கொண்டார்கள், நாம் வசவுக்கு வைத்துக்கொண்டோம். ஆனால் அத்தை அந்தக் காந்த்தாவை வாங்கி, முகத்தில் ஒற்றிப் பார்த்து, கேட்காமலேயே மடியில் வைத்துக்கொண்டார். அத்தையின் போர்வை என்னவென்றால், நாலாக மடித்த ஒரு பழைய வாயில் புடவை. தைத்ததில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ரெண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. அரைமணி நேரம் தையலைத் தடவித் தடவிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

டூவேக்கு நான் துரோகம் செய்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஏலகிரிக்கு ஒரு டிசம்பரில் காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனோம். 14 கொண்டை ஊசி வளைவு ஏறி, மூவாயிரத்து ஐந்நூறு அடிக்கு மேல். ராத்திரி ஜன்னல் கண்ணாடி வியர்த்தது. அங்கே அது மறுபடியும் லீட்ஸில் பார்த்த அதே டூவேயாகிவிட்டது. நாலு பேர் சண்டை போட்டோம். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனும் மலைநாட்டுக்காரன்தான். கீழே எங்கள் பக்கத்தில் மயில் பார்த்திருந்தால் விசிறி கொடுத்திருப்பான்.

பஞ்சு ஓடின மூலையைப் பிரித்து, சரிசெய்து, குறுக்கே நாலு தையல் போட்டு இப்போது பரணில் ஏற்றியாயிற்று. ஆனால் உறை மட்டும் கீழேதான் இருக்கிறது. மகள் கொடுத்தனுப்பிய பருத்தி உறை, கழுவிக் கழுவி நைந்து அருமையாகிவிட்டது. உள்ளே ஒன்றும் இல்லாமல் வெறும் உறையாகவே போத்திக்கொள்கிறேன். ரெண்டு மடிப்புத் துணி. புழுங்கினால் மேல் மடிப்பை விலக்கலாம், விடிகாலையில் குளிர்ந்தால் உள்ளேயே நுழைந்துகொள்ளலாம். பட்டனைப் பூராவும் போட்டுவிட்டு அவர் மட்டும் தினமும் கேட்கிறார், "ஏய், இதுல பெட்ஷீட் எது, உறை எது?" என்று.

டிசம்பரில் மகள் பேரனோடு வருகிறாள். நேற்று போனில், "அம்மா, குட்டிக்கு இங்க 4 டாக் டூவேதான், அங்க என்ன போடறது?" என்றாள். பக்கத்தில் அத்தை தன் வாயில் புடவைகளில் எது ரொம்ப மெலிந்தது என்று ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.